தட்டுத் தொட்டி உப்புப் பாத்தி ஆகக் கூடாது
கடலோர வீடுகளில் பூக்கும், காய்க்கும் போன்சாய்

‘எங்கள் வீடு தருவைகுளத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டம் போட இடமில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. வீட்டுக்குள்ளேயே வைத்து, பூவும் பழமும் வருகிற போன்சாய் மரங்களை வளர்க்க முடியுமா? எங்கள் மகளிர் குழுவில் இதைத் தொழிலாகச் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பணம் கட்டினால் செடி கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?’

வாசகி ஒருவரின் இந்தக் கேள்விக்குக் கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரி எழுதினால் போதாது. வேம்பார் முதல் பெரியதாழை வரை கடலோரத்தில் வீடு உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் தனியாகவே எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வளர்க்கலாம். ஆனால், பூக்கும் மரம் வீட்டுக்குள் குடியிருக்காது. விருந்தாளி மாதிரி வந்து போகும். ஊற்றுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். பத்து மரத்தை நீங்களே இரண்டு வருடம் வளர்த்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்ட வேண்டாம்.

வீட்டுக்குள் ஏன் பூப்பதில்லை?

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்ட செடி என்று பொருள். சீனாவில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த கலை இது. வடநாட்டில் இதை வாமன விருட்சம் என்றும் சொல்கிறார்கள். படங்களில் மேசைமேல் வைத்திருப்பதைப் பார்த்து, இது வீட்டுக்குள் வளரும் செடி என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் அப்படி வளர்ப்பதில்லை. மரம் வருடம் முழுவதும் வெளியே நிற்கும். விருந்தினர் வரும் நாளில், பூத்திருக்கும் நேரத்தில், உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு வெளியே போய்விடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானியப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பராமரிக்கப்பட்ட மரம் அது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அந்த ஊரிலேயே ஒரு தோட்டத்தில் நின்று தப்பித்தது. 1976-இல் ஜப்பான் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கிட்டத்தட்ட 400 வருடம் தட்டில் வாழ்ந்த மரமும் வெயிலிலும் காற்றிலும் வாழ்ந்த மரம்தான்.

காரணம் வெளிச்சம். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மரநிழலில்கூட 10,000 லக்ஸ் கிடைக்கும். டியூப் லைட் போட்ட ஹாலில் 100 முதல் 300 லக்ஸ்தான். நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது; செடிக்கு அது இருட்டு. இருட்டில் செடி உயிரைப் பிடித்துக்கொண்டு இலையை மட்டும் நீட்டும். பூ கட்டுவதற்கும் காய் பெருப்பதற்கும் வேண்டிய மாவுச்சத்தைத் தயாரிக்க முடியாது.

அதனால் மரத்தின் இடம் திண்ணை, முற்றம், மொட்டை மாடி, அல்லது நேர் வெயில் விழும் ஜன்னல் விளிம்பு. தினம் 5 மணி நேர வெயிலாவது விழ வேண்டும். தருவைகுளத்தில் கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் நன்றாகக் கிடைக்கும். பூ விரிந்ததும் 2 நாள் ஹாலில் வையுங்கள். மூன்றாம் நாள் வெளியே எடுத்துவிடுங்கள். நான்கைந்து மரம் இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று உள்ளே வைக்கலாம். வீட்டுக்குள் எப்போதும் ஒரு பூ மரம் இருக்கும். எந்த மரமும் வெயிலை இழக்காது.

உப்பு சேரும் கணக்கு

வெயில் பிரச்சினை எல்லா ஊருக்கும் பொது. கடலோரத்தில் மரத்தைக் கொல்வது உப்பு. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாத்தியில் உவர்நீரை விடுகிறோம். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. போன்சாய்த் தட்டும் அகலமான, ஆழமில்லாத பாத்திதான். தண்ணீர் இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் போய்விடும். உப்புக்குப் போக வழியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.டி.எஸ். 2,000 உள்ள தண்ணீர் என்றால் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஒரு மரத்துக்குத் தினம் அரை லிட்டர் ஊற்றினால் 1 கிராம். 100 நாளில் 100 கிராம். தட்டில் இருக்கும் மண்ணே 3 கிலோதான். அதில் இரண்டு கைப்பிடி உப்பைக் கொட்டியதற்குச் சமம் இது. தரையில் நிற்கும் முருங்கைக்கோ வேம்புக்கோ இதே தண்ணீரை ஊற்றினால் மழையில் உப்பு கீழே இறங்கிவிடும், வேரும் ஆழமாகப் போய்விடும். தட்டில் இருக்கும் வேருக்குத் தப்பிக்க இடமில்லை.

உப்பு ஏறிய செடியின் முதிர்ந்த இலைகளில் முதலில் நுனியும் ஓரமும் கருகும். தட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். பிறகு இலை உதிரும். பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் அதிகமாக ஊற்றுகிறார்கள். செடி சீக்கிரம் போகிறது.

தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் பார்ப்பவர்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள். 500-க்குக் கீழே இருந்தால் நல்லது. 500 முதல் 1,000 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் தட்டுத் தொட்டிக்கு வேண்டாம். எலுமிச்சைக் குடும்பம் உப்புக்கு மிகவும் பயப்படும். மண்சாற்றின் மின்கடத்தும் திறன் 1.7 டெசி சைமனைத் தாண்டினாலே அதன் விளைச்சல் குறையத் தொடங்கும்.

நல்ல தண்ணீருக்கு வழி

மழைநீர்தான் முதல் வழி. 100 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போக 700 லிட்டராவது பிடிக்கலாம். பத்து மரத்துக்குத் தினம் 5 லிட்டர் வீதம் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை 240 நாளுக்கு 1,200 லிட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு தொட்டியை நிரப்பி மூடி வைத்தால் வருடத்துத் தண்ணீர் முடிந்தது. கொசு புகாமல் துணி கட்டுங்கள்.

தாமிரபரணிக் குடிநீர் குழாயில் வரும் வீடுகளில், அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை எடுத்து வைத்து ஊற்றலாம். ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மீன் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுகிற பழக்கம் உண்டு, தட்டுக்கு வேண்டாம். கருவாடு ஊறிய தண்ணீர் கூடவே கூடாது. சுத்திகரிப்பு எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதையும் தொடாதீர்கள்.

மாதம் ஒரு முறை தட்டில் இருக்கும் மண்ணின் அளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போகும். தட்டுக்கு அடியில் தட்டம் வைத்துத் தேங்கிய நீரையே செடி திரும்பக் குடிக்கும்படி விடாதீர்கள். கொண்டல், வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் உப்பு இலையிலும் படியும். வாரம் ஒரு முறை மழைநீர் தெளித்து இலையைக் கழுவுங்கள்.

மண்ணும் தட்டும்

கடற்கரை மணலைச் சேர்க்கவே கூடாது. உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் கலந்தது அது. உடைத்த செங்கல் துண்டு (பொரிகடலை அளவு) 2 பங்கு, வயல் செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு கலந்தால் போதும். செங்கல் தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மண் இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்து சேருங்கள். உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

தட்டுக்கு 2 துளையாவது வேண்டும். துளைமேல் நைலான் வலைத் துண்டை வையுங்கள். பழைய வலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அதையும் நன்றாக அலசிவிட்டு வையுங்கள். தட்டை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை நமக்கு மறக்காது. வறண்ட மாவட்டம் என்பதற்காக வடிகால் இல்லாமல் விடக் கூடாது.

எந்த மரம் நமக்கு ஏற்றது?

கவாத்து செய்து, வேரை அடக்கி வளர்த்தால் இலை சிறிதாகும். பூவும் பழமும் சிறிதாகாது. போன்சாய் மாமரத்தில் காய்த்தாலும் மாங்காய் மாங்காய் அளவில்தான் இருக்கும், கிளை தாங்காது. அதனால் இயல்பிலேயே சிறு பூ, சிறு காய் உள்ள மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

*அடீனியம்:* பாலைவன ரோஜா என்பார்கள். அடித்தண்டு குடம் போலப் பருக்கும். வறட்சி தாங்கும். விதையிலிருந்து ஒன்று, ஒன்றரை வருடத்தில் பூக்கும். முதல் முறை வளர்ப்பவர்கள் இதில் தொடங்கலாம். இதன் பால் விஷம். குழந்தைகள், ஆடுகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கவாத்து செய்தபின் கையைக் கழுவுங்கள்.

*காகிதப்பூ:* போகன்வில்லா. கடல் காற்றைத் தாங்கும். விரல் தடிமன் போத்திலிருந்தே வளர்க்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும்.

*குட்டை மாதுளை:* சிவந்த பூ, நெல்லிக்காய் அளவு காய். மாதுளை இனம் எலுமிச்சையைவிட உப்பைத் தாங்கும்.

*கலாக்காய்:* வெள்ளைப் பூ, கொத்துக் காய். வறட்சியைத் தாங்கும் நம் ஊர்ச் செடி. முள் உண்டு.

*மேற்கிந்தியச் செர்ரி:* வருடத்தில் பல முறை பூத்துக் காய்க்கும். வைட்டமின் சி மிகுந்த பழம். மாவுப்பூச்சி விரும்பி வரும். அடிக்கடி இலையைத் திருப்பிப் பாருங்கள்.

*கார்மோனா:* சீனப் போன்சாய் என்று நகரக் கடைகளில் விலைக்கு விற்பது. சின்ன இலை, வெள்ளைப் பூ, மிளகு அளவுச் சிவப்புப் பழம். இது நம் வறண்ட புதர்க்காடுகளிலும் தானாக வளரும் செடி. சில ஊர்களில் குரங்கு வெற்றிலை என்பார்கள். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் ஓரளவு சமாளிப்பதால் வீட்டுக்குள் வைக்க நினைப்பவர்களுக்கு மற்றவற்றைவிட இது மேல்.

*எலுமிச்சை, கிச்சிலி வகைகள்:* பூ வாசம், காய் அழகு இரண்டும் உண்டு. மழைநீர் சேமித்து வைத்திருப்பவர்கள் மட்டும் முயலுங்கள்.

காய்க்கும் மரத்தை விதையிலிருந்து தொடங்காதீர்கள். விதை எலுமிச்சை காய்க்க 5 வருடத்துக்கு மேல் ஆகும். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தில் கட்டைவிரல் பருமன் கிளையில் விண்பதியம் போட்டால், பதியனுக்குத் தாய்மரத்தின் வயது உண்டு. ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான நார்க்கழிவு வைத்துப் பாலிதீன் சுற்றிக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் 45 முதல் 60 நாளில் வேர் விடும். வெட்டி நட்டு, அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் பூ பார்க்கலாம்.

வருடத்து வேலை

மாசி, பங்குனியில் அடீனியத்துக்குக் கவாத்தும் தொட்டி மாற்றமும் செய்யுங்கள். வெயில் ஏறும் காலமாதலால் வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறும், அழுகாது. மற்ற மரங்களுக்கு 2 வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் மழையோடு தொட்டி மாற்றுங்கள். வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். அதே அளவு இலையையும் குறையுங்கள். பிறகு 2 வாரம் நிழலில் இருக்கட்டும்.

பூ ஓய்ந்தபின் அல்லது காய் பறித்தபின்தான் கவாத்து. மாதுளை, காகிதப்பூ, அடீனியம் புதுக் குருத்தில்தான் பூக்கும். குருத்து வரும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால் வடிவம் வரும், பூ வராது. வடிவம் வேண்டிய வருடம் கிள்ளுங்கள். பூ வேண்டிய வருடம் விட்டுவிடுங்கள்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றினால், மாதம் ஒரு முறை பார்த்து, பட்டையில் பதியும் முன் கழற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தட்டுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அந்த 61 நாளில்தான். காலை, மாலை இரு வேளை ஊற்ற வேண்டும். வீட்டில் எல்லோரும் இருக்கும் காலம் என்பதால் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆடியில் மேல்காற்று வீசும்போது சுவரோரம் நகர்த்தி வையுங்கள்.

உரம் கொஞ்சம்தான். ஊறவைத்துத் தெளிந்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். ரசாயன உரமும் உப்புதான், அள்ளிப் போடாதீர்கள். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பூ விரிந்த நேரத்தில் மரம் வீட்டுக்குள் இருந்தால் தேனீ வராது. மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவுங்கள். சிறு மரத்தில் 4, 5 காய்க்கு மேல் விடாதீர்கள். எல்லாக் காயையும் விட்டால் அடுத்த வருடம் மரம் ஓய்ந்துவிடும்.

தீவில் கை வைக்காதீர்கள்

வயதான அடிமரம் கிடைத்தால் போன்சாய் சீக்கிரம் உருவாகும் என்பது உண்மை. அதற்காகத் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள தீவுகளில் செடி தோண்டக் கூடாது. 1986 முதல் அது மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கு பவளப் பாறை மணலில் வளரும் பெம்பிஸ் என்ற புதர், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் போன்சாய்க்காகவே தோண்டப்பட்டு அரிதாகிவிட்டது. தீவின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும். சொந்த நிலத்து வேலியில் ஆடு மேய்ந்து குட்டையாகிப் போன இலந்தை, கொடுக்காப்புளி, கலாக்காயைத் தோண்டி எடுங்கள், அதுவே போதும்.

தொழிலாகச் செய்யலாமா?

போன்சாயில் விற்பனைச் சரக்கு காலம்தான். பார்க்கத் தகுந்த மரம் உருவாக 3 முதல் 5 வருடம் ஆகும். ஆறு மாதத்தில் வருமானம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். போன்சாய் விதை என்று பாக்கெட்டில் விற்பதும் ஏமாற்று. அப்படி ஒரு விதை உலகில் இல்லை. எந்த மரத்தின் விதையும் தரையில் நட்டால் பெரிய மரம், தட்டில் அடக்கினால் போன்சாய்.

முன்பணம் வாங்கிச் செடி கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்பவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். திரும்ப வாங்கும் விலை எழுத்தில் உண்டா? செத்த செடிக்கு யார் பொறுப்பு? எங்கள் தண்ணீரைச் சோதித்தீர்களா? இதற்கு முன் உங்களிடம் விற்றவர்களை நேரில் காட்டுவீர்களா? நான்கிற்கும் நேரான பதில் வராவிட்டால் குழுவின் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.

சிறியதாகத் தொடங்க வழி உண்டு. அடீனியம் விதை நாற்று, ஒட்டு, காகிதப்பூப் போத்து ஆகியவை ஒன்றிரண்டு வருடத்தில் விற்கும் நிலைக்கு வரும். பக்கத்து நர்சரிகளில் முதலில் விலை விசாரித்துவிட்டு, ஆளுக்கு 10 செடி வையுங்கள். அதில் எத்தனை பிழைக்கிறது என்பது உங்கள் தண்ணீரின் தரத்தையும் உங்கள் கை பழகியதையும் காட்டிவிடும். பிறகு 50, 100 என்று பெருக்கலாம்.

வாசகர் கேள்விகள்

*வெயிலே விழாத வீடு. மின்விளக்கில் வளர்க்கலாமா?*
கார்மோனா போன்ற சிறு செடியை வளர்க்கலாம். 20 வாட் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கைச் செடிக்கு ஓர் அடி உயரத்தில் தினம் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். மாதம் 7 யூனிட் அளவு மின்சாரம் ஆகும். காய்க்கும் மரத்துக்கு இது போதாது.

*போன்சாய் மரத்தைச் சித்திரவதை செய்வது இல்லையா?*
கவாத்து செய்த திராட்சைக் கொடியும் மல்லிகைச் செடியும் படும் பாடுதான் இதுவும். தண்ணீர், உரம், வெயில் தவறாமல் கொடுத்தால் தரையில் நிற்கும் மரத்தைவிட அதிக நாள் வாழ்வதும் உண்டு. கவனிக்காமல் விட்டால்தான் அது வதை.

*என் எலுமிச்சைப் போன்சாய் இலையாகவே இருக்கிறது, பூக்கவில்லை.*
வெயில் போதுமா என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரைக் காயவிட்டு, பிறகு நன்றாக ஊற்றி உரம் கொடுங்கள். அடுத்த குருத்தோடு மொட்டு வரும். விதைக் கன்றாக இருந்தால் வயது வரவேண்டும், காத்திருங்கள்.

*உப்பு ஏறிய மரத்தைக் காப்பாற்ற முடியுமா?*
தண்டைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் முடியும். மண்ணை முழுதும் உதிர்த்து, வேரை மழைநீரில் அலசி, புது மண்ணில் நட்டு, 3 வாரம் நிழலில் வையுங்கள். குருத்து வரும்வரை உரம் வேண்டாம்.

செடி வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம். இந்த ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவி, ஒரு தொட்டியைக் குழாயோடு இணைத்துவிடுங்கள். மரம் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.